(ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை

கேள்வி எழுதிக்கொடுப்பது என் தொழில். அதை அவையில் கேட்பது இன்னொருவர் தொழில். பதில் சொல்லாமலே பதில் சொல்வது மூன்றாமவர் தொழில். ஏதேனும் ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அதற்கான ரசீதை மடித்துப் பைக்குள் வைத்து, அது மடிப்பு நைந்து நான்கு துண்டாகும் வரை காத்திருந்த அன்பர்களே, இந்தக் குறிப்புகள் உங்களுக்காகவே எழுதப்படுகின்றன.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் நீராடி, விளக்கேற்றி, பதிகங்கள் ஓதி முடித்தபின் எனக்கு எஞ்சியிருந்த நாள் மிக நீண்டதாக இருந்தது. அந்நிலையில்தான் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் என்னைத் தேடி வந்தார். அவர் எதிர்க்கட்சிக்காரர், பட்டறை வைத்து முன்னேறியவர், முதல் முறையாக அவைக்குச் சென்றவர். "மிஷின் விக்கற இங்கிலீசு எனக்கு நல்லா வருங்க டீச்சரம்மா. மந்திரிகிட்டக் கேக்கற இங்கிலீசுதான் வரமாட்டேங்குது" என்றார். அன்றிலிருந்து, கோவையில் ஓர் உதிரிபாகக் கடையின் மாடியில் இருக்கும் அவரது அலுவலகத்தில், கேள்விகளை வரைந்து தருகிறேன். எதிர் மேசையில் நசீர் இருக்கிறார். கோட்டைமேட்டுக்காரர், இருபதாண்டுகள் வழக்கறிஞர் ஒருவரிடம் தட்டச்சராக இருந்தவர். நான் எழுதுவதைக் கணினியில் ஏற்றி டெல்லிக்கு அனுப்புபவர் அவரே. அவை விதிகள் எனக்கு ஏட்டில் இருக்கின்றன. அவருக்கு நாவில் இருக்கின்றன.

மழை வேண்டாம் என்ற விவசாயி

ருக்குமணி எங்கள் மாடிப்படி ஏறி வந்தது ஓர் ஐப்பசிக் காலையில். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேராகப் பேருந்து ஏறியிருந்தார். காலிக் கேன் கையிலேயே இருந்தது. அவருடைய ஊரை, உண்மைப் பெயரை மாற்றி, செங்காட்டுப்புதூர் என்று சொல்லிவைக்கிறேன். ஊருக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. முன்பு அங்கே ஆள் நின்று திறந்து மூடும் கேட் இருந்தது. நாடெங்கும் கேட்டுகளை ஒழிப்பது என்ற கொள்கையின்படி அதை மூடி, பாதைக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்துவிட்டார்கள். விபத்தைத் தவிர்க்கும் நல்ல கொள்கைதான். ஆனால் பள்ளத்தில் அமைந்த பாதையில் மழைநீர் வந்து நிற்கிறது.

"கேட்டு இருந்தப்ப ரயிலு போற வரைக்கும் பத்து நிமிசம் நிப்போமுங்க. அதுக்கே சலிச்சுக்குவோம். இப்ப மழை பேஞ்சா பத்து நாள் நிக்கறமுங்க" என்றார். இதைச் சொல்லும்போது சிரித்தார். பிறகுதான் சிரிப்பு நின்றது. அவருடைய கணவர் ராமசாமி, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முந்தைய சனிக்கிழமை சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால், ஆட்டோவில் வாய்க்கால் மேட்டு வழியாகப் பதினொரு கிலோமீட்டர் சுற்றியிருக்கிறார்கள். ஆட்டோ சேற்றில் இறங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வரை அந்த மனிதர் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கியிருக்கிறார்.

நான் எழுதிக்கொண்டே, "கோவிலுக்குப் போகிறாயா அம்மணி?" என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டியதில்லை, எனக்கு அது பழக்கம். கேனின் மூடியை விரலால் சுற்றியபடி அவர் சொன்னார்: "போறனுங்க. ஆனா மழை பேயக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வாரனுங்க. மானாவாரிக் காட்டுல பொறந்தவ வேண்டற வேண்டுதலுங்களா இது?"

அடைமொழிகள்

அன்று பகலே கேள்வியை எழுதி முடித்தேன். பரிதாபத்துக்குரிய, மன்னிக்கவியலாத, நெஞ்சை உலுக்கும் என்று தகுந்த இடங்களில் தகுந்த சொற்களைப் பெய்திருந்தேன். பக்தி நூல்களில் ஊறியவர்களுக்கு இது கைவந்த குற்றம். இறைவனை ஒரு பெயரால் அழைத்து நிறுத்திக்கொள்ள எங்களுக்குத் தெரியாது. நசீர் அதைப் படித்தார். பேனாவை எடுத்தார். வாதம் கூடாது, ஊகம் கூடாது, எள்ளல் கூடாது, தேவையற்ற அடைமொழி கூடாது, நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்று விதிகளை முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்தார்.

பின்னர் செங்காட்டுப்புதூரையும் அடித்தார். அதை மட்டும் நான் தடுத்தேன். ஒரே ஓர் ஊரின் குறையை உள்ளூர் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், நாடாளுமன்றத்தில் கேட்பது நாட்டின் கொள்கையாக இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். ஆகவே ருக்குமணி "பொதுமக்கள்" ஆனார். ராமசாமி "அவசர மருத்துவத் தேவைகள்" ஆனார். செங்காட்டுப்புதூர் "நாடு முழுவதும்" ஆயிற்று. நசீர் சற்றே இரங்கினார் போலும். "டீச்சர், சாமிக்கு எத்தனை அடைமொழி வேணும்னாலும் போடுங்க, கோவிச்சுக்காது. இங்க ஒண்ணு போட்டாக் கேள்வியே திரும்பி வந்துடும்."

எழவில்லை

ஒரு கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) எனப் பகுதிகளாகப் பிரித்து எழுதுவது மரபு. நான் எழுதியது இப்படி இருந்தது: (அ) மழைக்காலத்தில் நாடு முழுவதும் ரயில் சுரங்கப்பாதைகளில் நீர் தேங்குவதை அரசு அறியுமா? (ஆ) அறியுமெனில், அதன் விவரங்கள் யாவை? (இ) அதனால் பொதுமக்களின் அவசர மருத்துவத் தேவைகள் பாதிக்கப்படுகின்றனவா? (ஈ) அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் யாவை? ஆங்கில ஆசிரியையாக நான் இதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பேன். குளிர்காலக் கூட்டத்தொடரில், குலுக்கலிலும் தேர்வாகி, எழுத்துப்பூர்வ பதிலுக்குரிய கேள்வியாக அது ஏற்கப்பட்டது. மார்கழி பிறக்கச் சில நாள்கள் இருக்கையில் பதில் வந்தது.

(அ): இல்லை, ஐயா. (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை.

அன்பர்களே, பிழை என்னுடையது. நான்கு தூண்களில் முதல் தூணின் மேலேயே முழுக் கட்டடத்தையும் ஏற்றியிருந்தேன். "அரசு அறியுமா" என்று கேட்டால், "அறியாது" என்று சொல்ல யாருக்கும் முடியும். அந்த ஒற்றைச் சொல்லில் மற்ற மூன்றும் சரிந்துவிடும். அதைவிடக் கொடியது ஒன்று இருந்தது: பதில் வந்துவிட்ட கேள்வியை அதே பொருளில் மறுபடி கேட்க விதியில் இடமில்லை. ஆக, நானே என் கையால் கதவைச் சாத்தித் தாழும் போட்டிருந்தேன். இதை எந்த மொழியில் ருக்குமணிக்கு விளக்குவது என்று தெரியாமல், பதிலை அப்படியே தமிழில் படித்துக் காட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "தண்ணி நிக்கறதே இல்லைன்னுட்டாங்களா? அப்ப நேத்து நான் சீலையைச் சுருட்டிக் கட்டிக்கிட்டு நடந்து வந்தது எதுலீங்க?"

பூட்டிய அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை, டெல்லியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் என்னையும் நசீரையும் காரில் ஏற்றிக்கொண்டு செங்காட்டுப்புதூருக்குப் புறப்பட்டார். கட்சிக்காரர்கள் புகைப்படக்காரர் ஒருவரையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். உறுப்பினர் வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கி நின்று கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அவர் முழங்கால் அளவு இறங்கியதும், மேலே நின்ற ஊர்க்காரர் ஒருவர், "சாமி, இன்னுஞ் சித்த முன்னால போனீங்கன்னா படம் நெம்ப நல்லா வருமுங்க. திரும்பி வாரதுதான் வராது" என்றார். உறுப்பினர் உடனே கரையேறிவிட்டார்.

நான் கரையிலேயே நின்றிருந்தேன். சுரங்கப்பாதை வாயிலை ஒட்டிச் சிமெண்டில் கட்டிய சிறிய அறை ஒன்று என் கண்ணில் பட்டது. இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது. அறையின் பக்கவாட்டிலிருந்து ஒரு தடித்த குழாய் கிளம்பி, மேட்டைத் தாண்டி ஓடைப்பக்கம் போயிற்று. இதற்குள் ருக்குமணி தம் கணவரை மொபெட்டில் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். ராமசாமி மெலிந்து, பேசும்போது இடையிடையே நின்று மூச்சு வாங்கினாலும், அந்த அறையைக் கண்டதும் அவருடைய குரல் நிமிர்ந்தது. அவர் சன்னல் கம்பியிடையே கண்ணை வைத்துப் பார்த்தார். "தண்ணி எடுக்கற மோட்டாருங்க. ஏழரை எச்.பி. இருக்கும். நம்ம ஊர்ப்பக்கச் சரக்குத்தான். ஓட்டி விட்டா ஒரு மணி நேரத்துல வழிச்சுப்போடும்."

"பின்னே ஏன் ஓட்டவில்லை?" என்றேன். அவர் அறையின் சுவரைச் சுற்றிக் காட்டினார். மீட்டர் பெட்டி பொருத்த மரப்பலகை அடித்திருந்தது. மீட்டர் இல்லை, கம்பத்திலிருந்து வரும் கம்பியும் இல்லை. நாட்டின் பாதி வயல்களுக்குப் பம்ப் செய்து அனுப்பும் ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் பம்ப் ஒன்று மின்சாரம் இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. நீர் தேங்குவதை அறியாதவர்கள் எதற்காக மோட்டார் வைத்தார்கள்? கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றியதன்று, மோட்டாரைப் பற்றியது. நான் அவசரமாகக் குறிப்பேட்டை எடுத்ததைப் பார்த்து ராமசாமி சொன்னார்: "மோட்டாரு வாங்குனதுக்கு அவங்ககிட்ட பில்லு இருக்குமுங்க டீச்சரம்மா. பில்லு இருக்கறதை இல்லைன்னு சொல்ல மாட்டாங்கள்ல?"

ஐந்தில் ஒன்று

புதிய கேள்வியை இப்படி வரைந்தேன்: (அ) சுரங்கப்பாதைகளில் நீர் வெளியேற்றும் பம்புகள் பொருத்தப்பட்டுள்ள இடங்கள், மாநிலவாரியாக, (ஆ) அவற்றுள் மின் இணைப்புப் பெற்றவை, பெறாதவை, இடத்தின் பெயருடன், (இ) அவற்றை இயக்கும் பொறுப்பு யாருடையது, (ஈ) பம்ப் இயங்கும் முன்பே கேட்டை மூட அனுமதிக்கும் விதி எது? ஒரு பகுதி விழுந்தாலும் மற்றொன்று தனியே நிற்கும். "ஆமா" என்றோ "இல்லை" என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது. நசீர் படித்துவிட்டு, அடிக்க எதுவும் கிடைக்காமல், பேனாவை மூடினார்.

ஆனால் கேள்வி எழுதியதும் அவையில் ஏறிவிடாது. ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரையே அனுப்பலாம், குறிப்பிட்ட அமைச்சகத்துக்கு வாரத்தில் ஒரே நாள், அதற்கும் பதினைந்து நாள்களுக்கு முன்னரே அனுப்ப வேண்டும், பின்னர் குலுக்கல். பட்ஜெட் கூட்டத்தொடரில் முதல் வாரம் எங்கள் சீட்டு விழவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. சொற்களைச் சிறிது மாற்றி மூன்றாம் வாரமும் அனுப்பினோம், இல்லை. நசீர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒவ்வொரு முறையும், "அடுத்த வாரமும் அனுப்புங்கள் தம்பி" என்பேன். ஒரே பதிகத்தை நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் ஓதுகிறவளுக்கு மூன்று வாரம் பெரிய கணக்கன்று. எனக்கு வேறு கவலை இருந்தது. மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டால் கோடை மழை தொடங்கும்; ராமசாமிக்கு வாரம் மூன்று நாள் என்பது மாறப்போவதில்லை.

அந்தச் சமயத்தில் டெல்லியிலிருந்து கட்சியின் அவைக்குழு அலுவலகம் அழைத்தது. ஐந்து கேள்விகளையும் தலைப்புச் செய்தியாகக்கூடிய பெரிய விவகாரங்களுக்கே ஒதுக்க வேண்டும், ஏதோ மோட்டார் கேள்வி ஒவ்வொரு வாரமும் வருகிறதாமே என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன விவகாரங்களும் பொய்யானவை அல்ல. நாடு கேட்க வேண்டியவைதாம். வார இறுதிக்கு ஊர் வந்திருந்த உறுப்பினர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார். "சரிங்க", "ஆமாங்க", "புரியுதுங்க" என்று கொங்குநாட்டு மரியாதை அனைத்தையும் செலவிட்டார். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "அஞ்சுல நாலு கட்சிக்குங்க டீச்சரம்மா. ஒண்ணு ருக்குமணியக்காவுக்கு. அதை எவன் கேட்டாலும் குடுக்கறதில்லை."

எங்கள் கூச்சல்

நான்காம் வாரம் சீட்டு விழுந்தது. அதுவும் நட்சத்திரக் குறியுடன். நட்சத்திரம் என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் அந்தப் பதிலின் மேல் துணைக்கேள்வியும் கேட்கலாம். பட்டியலில் நாங்கள் நான்காவது. இருபது கேள்விகளில் ஐந்தாறுக்குத்தான் நேரம் இருக்கும் என்பதால், நான்காம் இடம் என்பது கருவறைக்கு நேரே நிற்கக் கிடைத்த இடம். துணைக்கேள்விகள் மூன்று எழுதி அனுப்பினேன். காலையில் கோவிலுக்குப் போய் வந்து, அலுவலகத் தொலைக்காட்சி முன் நானும் நசீரும் அமர்ந்தோம். ருக்குமணியும் வந்திருந்தார், அன்று ராமசாமிக்கு மருத்துவமனை நாள் இல்லை.

பதினொரு மணிக்கு அவை கூடியது. உடனே ஒரு கூட்டம் பதாகைகளோடு அவையின் நடுவே வந்து முழக்கமிட்டது. யாரென்று உற்றுப் பார்த்தால், எங்கள் கட்சிக்காரர்கள். முந்தைய நாள் எழுந்த வேறொரு பிரச்சினைக்காகக் காலையில்தான் முடிவெடுத்தார்களாம். எங்கள் உறுப்பினர் மட்டும் தம் இருக்கையில் தாளைப் பிடித்தபடி, தம் தோழர்களைப் பார்த்துக் கையைக் காட்டி, "அரை மணி நேரம், அரை மணி நேரம்" என்று கெஞ்சுவது தெரிந்தது. சில நிமிடங்களில் அவை ஒத்திவைக்கப்பட்டது. திரை வேறு நிகழ்ச்சிக்கு மாறியது. "அவரை உட்கார வெச்சுப்போட்டு அவங்க ஆளுகளே கத்தறாங்களே, ஏனுங்?" என்றார் ருக்குமணி.  

மாலையில் நசீர் அவையின் இணையதளத்தைத் திறந்தார். வாய்மொழியாகச் சொல்ல முடியாமற்போன கேள்விகளின் பதில்கள் எழுத்தில் வைக்கப்படும், அது வழக்கம். எங்கள் பதிலும் இருந்தது. அதன் பின்னே ஓர் இணைப்பு. மாநிலம், மாவட்டம், இடம், பம்ப், மின் இணைப்பு என்று பத்திகள் போட்ட நீண்ட பட்டியல். நசீர் விரலை மெல்ல நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினார். செங்காட்டுப்புதூரின் உண்மைப் பெயர். அதற்கு நேரே: பம்ப், உண்டு, மின் இணைப்பு, நிலுவையில். நாங்கள் அடித்த ஊரை அரசே எழுதியிருந்தது. துணைக்கேள்விக்கு அமைச்சர் எழுந்திருந்தால், உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டி, விரைவில் கவனிப்போம் என்று சொல்லி அமர்ந்திருப்பார். நசீர் நாற்காலியில் சாய்ந்தார்: "நல்ல வேளை டீச்சர், நம்ம ஆளுகளே கத்துனாங்க. வாயில வந்திருந்தாக் காத்துல போயிருக்கும். காயிதத்துல வந்து சிக்கிருச்சு."

கடைசி வாக்கியம்

அடுத்த வாரம் ரயில்வே துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அதன் ஆண்டுச் செலவுக்கான ஒப்புதல், மீது விவாதம் நடந்தது. எங்கள் உறுப்பினருக்குக் கட்சி ஒதுக்கிய நேரம் நான்கு நிமிடம். இப்போது கையில் அரசின் பட்டியலே இருந்ததால், நான் உரையை ஒரு கட்டடம் போல எழுப்பினேன். முதலில் கொள்கையின் நன்மையை ஒப்புக்கொள்வது, பிறகு பட்டியல், பிறகு மின் இணைப்பு இல்லாத பம்புகள், பிறகு டயாலிசிஸ் செல்லும் ஒரு மனிதர், பெயர் சொல்லாமல், இறுதியில், கோபுரத்தின் கலசமாக, ஒரே வாக்கியம்: "பம்ப் இயங்கி நீர் வெளியேறும் நாள்வரை எந்தக் கேட்டையும் மூடக் கூடாது என்று விதி செய்ய வேண்டும்." கோரிக்கை முழுவதும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

உறுப்பினர் நன்றாகப் பேசினார். மிக நன்றாகப் பேசினார். அதனால் நன்மைகளை ஒப்புக்கொள்வதிலேயே ஒரு நிமிடம் கூடுதலாகப் போயிற்று. ஆளும் தரப்பிலிருந்து யாரோ குறுக்கே ஏதோ சொன்னதற்கு ஒரு பதிலடியும் கொடுத்தார். அதற்கு அரை நிமிடம். "பம்ப் இயங்கி நீர்" என்று கலசத்தை ஏற்றத் தொடங்கியபோது ஒலிவாங்கி நின்றுவிட்டது. திரையில் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஆயினும் அவர் அமரவில்லை. உரைத் தாளை எடுத்துக்கொண்டு நேரே அமைச்சரின் இருக்கைக்கே நடந்து சென்று, கடைசி வாக்கியத்தின் கீழ் விரலை வைத்துக் காட்டினார். அமைச்சர் படித்தார், தாளை மடித்துத் தம் கோப்பில் வைத்துக்கொண்டார். அன்றிரவு உறுப்பினர் தொலைபேசியில் சொன்னது: "டீச்சரம்மா, அடுத்த தடவை உங்க நல்ல வாக்கியத்தை மொதல்லயே வெச்சுப்போடுங்க. மங்களம் பாடறதெல்லாம் மைக் நின்ன பொறகு பாடிக்கலாம்."

கணுக்கால் அளவு

பட்டியலின் நகலை இணைத்து உறுப்பினர் உள்ளூர் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் கடிதம் எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சித்திரையில் ஒரு நாள் செங்காட்டுப்புதூருக்குக் கம்பத்திலிருந்து கம்பி இழுக்க நால்வர் வந்தார்கள். அவையில் வைத்த தாளில் பெயர் ஏறிவிட்டது, இனி நிலுவையில் வைக்க முடியாது என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். மீட்டர் பொருத்தினார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று எழுந்த விவாதத்தில், ஊர்க்காரர்கள் சேர்ந்து, ஒரு சாவியைச் சுரங்கப்பாதைக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் வைக்க ஒப்புதல் வாங்கினார்கள். நான் அங்கே போகவில்லை. மோட்டார் ஓடுமா என்பது மழை வந்தால்தான் தெரியும், மழையோ வரவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக வானிலை அறிக்கையைப் பஞ்சாங்கத்துக்கு முன்னே படிக்கத் தொடங்கினேன்.

சித்திரை முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், இடியும் காற்றுமாகப் பெருமழை கொட்டியது. ராமசாமியின் அடுத்த முறை சனிக்கிழமை காலை. அன்றிரவு ஓதுகையில் எனக்கு இரண்டு இடங்களில் வரி மறந்தது; நாற்பது ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்ததில்லை. காலை ஏழு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. ருக்குமணி. பின்னணியில் ஓர் இரைச்சல் கேட்டது. மழை இரைச்சல் அல்ல, ஒரே சீராக ஓடும் இரைச்சல்.

"கேக்குதுங்களா டீச்சரம்மா?" என்றார். "கடைக்காரரு விடியறதுக்குள்ளயே போட்டு விட்டுட்டாருங்க. இப்பக் கணுக்கால் அளவுதானுங்க. நாங்க தாண்டி இந்தப்பக்கம் வந்துட்டமுங்க. ஆட்டோ நிக்குது."  அதற்குள் கைப்பேசி கைமாறியது. ராமசாமியின் குரல், மூச்சுக்கு நின்று நின்று வந்தது: "மோட்டாரு நல்லாத்தானுங்க ஓடுது. பேரிங்தான் சித்தக் கத்துது. கிரீஸ் வெக்கச் சொல்லி ஒரு கேள்வி போடுங்க." பின்னால் ருக்குமணி அவரை அதட்டுவது கேட்டது: "ஆட்டோவுல ஏறுங்க மொதல்ல, மோட்டாரை வந்து பாத்துக்கலாம்." பிறகு மறுபடி அவரே பேசினார். "வெச்சுடறனுங்க டீச்சரம்மா. மழைக்குன்னு மாரியம்மன் கோவில்ல இன்னைக்குத்தானுங்க சூடம் பொருத்திட்டு வந்தேன். இனிப் பேயட்டுமுங்க, ஒரு மழை பத்தாது, காடு காஞ்சு கெடக்குது."

பட்டியலில் "நிலுவையில்" என்று குறித்த மற்ற ஊர்களை வரிசையாக எழுதி, வரும் கூட்டத்தொடருக்கான கேள்வியை நேற்று நசீரிடம் கொடுத்துவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் இறைவனிடம் நான் கேட்டும் பதில் வராதவை சில உண்டு, அவற்றிலும் (அ) பகுதியை நான்தான் தவறாக எழுதியிருக்கிறேனோ என்று இப்போது திருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.